கிறிஸ்துமஸ் வெயில்

நாகர்கோவிலைச் சுற்றிக் கடந்த எட்டு வருஷங்களில் எழும்பிய வீடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை, அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே சபிதா பார்த்திருக்கிறாள். இன்ஜினியர்கள் வரைபடத்தை அனுப்புவார்கள். அதை வைத்து அவள் கம்ப்யூட்டரில் வீட்டைக் கட்டி, சுவருக்குச் சாயம் பூசி, வாசலில் ஒரு கார் நிறுத்தி, படமாக்கித் திருப்பி அனுப்புவாள். அந்தப் படம் தோஹாவுக்கோ குவைத்துக்கோ போகும். அங்கிருப்பவர் கண்ணாடிக் கைப்பிடி போதாது, இரும்புக் கைப்பிடி வேண்டும் என்பார். மாற்றிக் கொடுப்பாள். யாருக்கு எந்த வீடு என்பது பெரும்பாலும் அவளுக்குத் தெரியாது.

சுசீந்திரத்தை ஒட்டி, வயலுக்குப் பக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு அவளுடையது. பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். கணவன் வினோஜ் எலக்ட்ரீஷியன். முதலில் ஒரு பழைய லேப்டாப்பில்தான் வேலை செய்தாள். அது ஒரு படத்தை முடிப்பதற்குள் சோறு வடித்து, குழம்பும் வைத்துவிடலாம். 2019-இல் பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தானே ஒரு கம்ப்யூட்டரைப் பொருத்தினாள். மூன்று மாதம் வீடியோக்கள் பார்த்துத் துணிந்த காரியம் அது. பிராசஸரை அதன் குழியில் வைத்து நெம்புகோலை அழுத்தியபோது வந்த கிரீச் சத்தத்தில் உடைந்தே விட்டது என்று நினைத்தாள். உடையவில்லை. அன்று முதல் அது பின்னறையில் இரும்பு மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒரு வேலை உண்டு. நிஜ வெளிச்சத்தைக் கணக்கிட நேரம் நிறைய ஆகும். ஜன்னல் வழியே வரும் வெயில் தரையில் பட்டு, தரையிலிருந்து சுவரில் பட்டு, சுவரிலிருந்து கூரைக்குப் போகும். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் கணக்கிட்டாக வேண்டும். அதற்குப் பதில் அறைக்கு நடுவில், படத்தில் தெரியாத ஒரு விளக்கை வைத்துவிட்டால் போதும். அறை பளிச்சென்று வந்துவிடும். சபிதாவும் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் செய்தாள். யாரும் கேட்டதில்லை.

போன வருஷத்துக்கு முந்தின ஜூன் மாதம் பிபின் ஒரு வேலை கொண்டுவந்தான். அவளுக்கு வரும் வேலைகளில் பாதி பிபின் கொடுப்பதுதான். அவளைவிட ஐந்தாறு வயது இளையவன், நாகர்கோவிலில் சொந்த அலுவலகம் வைத்திருக்கும் இன்ஜினியர், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். பார்வதிபுரம் பக்கம் எட்டு சென்ட் மனையில் ரெஜின் என்பவர் வீடு கட்டுகிறார். தோஹாவில் குளிர்பதனக் கிடங்கில் வேலை, ஜன்னலே இல்லாத இடம். அவருக்குப் படம் போதாதாம், ஒன்றரை நிமிஷ வீடியோ வேண்டுமாம். காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை வீட்டுக்குள் வெயில் எப்படி நகர்கிறது என்று காட்ட வேண்டும். அதுவும் டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி வெயில். அடுத்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்து அந்த வீட்டில்தான் தங்கப்போகிறார். மனையைச் சுற்றியுள்ள கட்டிடங்களும் வீடியோவில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

அஸ்திவார ஜெபத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது, பத்து நாளில் வீடியோ வேண்டும் என்றான் பிபின்.

நேரத்துக்கு நேரம் வெளிச்சம் மாறுகிற வீடியோவில் கள்ள விளக்கு வைக்க முடியாது. வைத்தால் காலை ஆறு மணிக்கும் மத்தியானம் போலவே இருக்கும். நிஜக் கணக்குதான் போட வேண்டும். சபிதா ஒரு படத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தாள். ஏழு நிமிஷம் ஆனது. ஒன்றரை நிமிஷ வீடியோவுக்கு இரண்டாயிரத்து நூற்று அறுபது படங்கள். இடைவிடாமல் ஓடினாலே பத்தரை நாள். இடையில் ஒரு தவறு கண்டுபிடித்தால் மறுபடி முதலிலிருந்து.

இந்தக் கணக்கைப் போடுகிற கிராபிக்ஸ் கார்டு இன்னொன்று போடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தாள். ஏற்கெனவே இருக்கும் கார்டின் அதே மாடலாக இருந்தால் நல்லது என்று பட்டது. புதிதாக அந்த மாடல் வருவது நின்றுவிட்டது. வடசேரியில் வைகுண்டராஜன் கடையில் பழையது ஒன்று இருந்தது. அவளுடைய முதல் கம்ப்யூட்டரின் பாகங்களும் அங்கே வாங்கியவைதான்.

"இது ராவும் பகலும் கிரிப்டோ காயின் மைனிங் ஓடின கார்டாக்கும் மக்ளே. ஒளிச்சு வச்சுச் சொல்ல மாட்டேன். விசிறிய மாத்தியிருக்கேன், சூடு இழுக்குற பேஸ்டும் மாத்தியிருக்கேன். ஒரு மாசம் ஓட்டிப் பாரு, கொள்ளாதுன்னா கொண்டுவா" என்றார் வைகுண்டராஜன். கூடவே, அவள் கம்ப்யூட்டரில் இருக்கும் பவர் சப்ளை இரண்டு கார்டைத் தாங்காது என்று சொல்லி ஆயிரம் வாட்டில் ஒன்றை எடுத்து வைத்தார். இரண்டையும் துணிப்பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, வினோஜுக்கு வேலை இல்லை. சபிதா கேபினெட்டின் பக்கத்தகட்டைக் கழற்றி, ஐந்து வருஷத் தூசியை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, பழைய பவர் சப்ளையை எடுத்துப் புதியதை வைத்தாள். போர்டில் இரண்டாவது கார்டுக்கான துளை கீழே சும்மாதான் கிடந்தது. கார்டு அதில் சரியாக உட்கார்ந்தது. ஆனால் இரண்டு கார்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையத்தான் இடம் இருந்தது.

சுவிட்சைப் போட்டாள். விசிறிகள் சுற்றின, திரை வந்தது, இரண்டு கார்டும் தெரிந்தன. ஒரு படத்தைக் கணக்கிடச் சொன்னதும் மொத்தமாக அணைந்துபோனது. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. கார்டை எடுத்துத் திரும்பச் செருகினாள். மூன்றாவது முறையும் அப்படியே ஆனது. வைகுண்டராஜனுக்கு போன் போடலாம் என்று எழுந்தபோது வினோஜ் குனிந்து உள்ளே பார்த்தான். அவனுக்குக் கம்ப்யூட்டர் ஒன்றும் தெரியாது. இந்த ரெண்டு கார்டுக்கும் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்டான். காட்டினாள். பவர் சப்ளையிலிருந்து புறப்பட்ட ஒரு வயர் நுனியில் இரண்டாகப் பிரிந்து, ஒரு தலை மேல் கார்டிலும் இன்னொன்று கீழ் கார்டிலும் செருகியிருந்தது.

"ஒரே ஒயர்ல ரெண்டு மோட்டாரையா இழுப்பாவ? தனித்தனியா குடுட்டி" என்றான்.

பெட்டியில் இன்னொரு வயர் பிரிக்காமல் கிடந்தது. அதைப் போட்டதும் அணையாமல் ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் கேபினெட்டில் கை வைத்தவளுக்கு விரலில் சுருக்கென்று ஏறியது. வினோஜ் டெஸ்டரை வைத்துப் பார்த்தான். வீட்டின் எர்த்து வேலை செய்யவில்லை. ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் எர்த்துக் குழி போட்டுக் கொடுப்பவன், தன் வீட்டுக் குழியை எத்தனையோ வருஷமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பி துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. அன்று மத்தியானம் அவன் சாப்பிடாமல் வீட்டுக்குப் பின்னால் புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, மீட்டர் போர்டிலிருந்து பின்னறைக்குத் தனி லைன் இழுத்தான். இதைப் பற்றி வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

இரண்டு கார்டு போட்டால் வேகம் கூடுமே தவிர நினைவகம் கூடாது. வீடும் சுற்றுப்புறமும் முழுதாக ஒவ்வொரு கார்டுக்குள்ளும் தனித்தனியே அடங்க வேண்டும். அதற்காகத் தோட்டத்துச் செடிகளில் பாதியை எடுத்தாள். ஒற்றைப்படை எண் படங்களை மேல் கார்டும் இரட்டைப்படை எண் படங்களைக் கீழ் கார்டும் செய்யும்படி பிரித்துவிட்டாள். மேல் கார்டு சீக்கிரமே எண்பத்தேழு டிகிரிக்கு ஏறியது. கீழ் கார்டு விடுகிற சூட்டையே அது குடித்துக்கொண்டிருந்தது. கேபினெட்டின் பக்கத்தகட்டைக் கழற்றியே வைத்து, எதிரில் டேபிள் ஃபேனை ஓட விட்டாள். எழுபத்தாறுக்கு இறங்கியது. திங்கட்கிழமை காலை வேலை ஆரம்பித்தது. ஐந்தரை நாளில் முடியும் என்று திரை காட்டியது.

புதன்கிழமை மத்தியானம், அதுவரை வந்த படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தாள். ஆறரை மணிக்கு வெயில் கிழக்கு வாசல் வழியாக ஹாலுக்குள் வந்தது. தரை மின்னியது. ஒன்பது மணி வரை அழகாக இருந்தது. அதற்குப் பிறகு வெளிச்சம் குறைந்துகொண்டே போய், பத்து மணிக்கு ஹால் மழைக்காலச் சாயங்காலம் மாதிரி ஆனது. ஹாலை அடுத்த அறை இன்னும் மோசம், கட்டில் எது அலமாரி எது என்றே தெரியவில்லை. வரைபடத்தில் அந்த அறையில் 'அம்மா' என்று எழுதியிருந்தது.

பழைய கார்டு தப்பாகக் கணக்கிடுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்தடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று மேல் கார்டு செய்தது, ஒன்று கீழ் கார்டு செய்தது. இரண்டும் ஒரே இருட்டாக இருந்தன. தேதி, திசை, ஊரின் அட்சரேகை எல்லாவற்றையும் சரிபார்த்தாள். மாற்றம் இல்லை.

காரணம் மனையின் தெற்குப் பக்கம் இருந்த மூன்று மாடிக் கல்யாண மண்டபம். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். ஒன்பது மணிக்கு மண்டபத்துக்குப் பின்னால் போகிற சூரியன் சாயங்காலம் வரை அந்தப் பக்கமே நிற்கும். வீட்டின் ஹாலும் அம்மா அறையும் தெற்கே இருந்தன. வடக்கே காலி வயல், முழு வானமும் திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் மாடிப்படியும் குளியலறைகளும் இருந்தன. அந்த வரைபடத்தை எங்கோ பார்த்த மாதிரி இருக்கவே பழைய கோப்புகளைத் தேடினாள். இரண்டு வருஷம் முன்பு தக்கலையில் பிபின் கட்டிய வீட்டின் வரைபடம்தான் அது. அந்த மனைக்குத் தெற்கே ரோடு.

மறுநாள் பஸ் ஏறி மனைக்கே போனாள். பதினொரு மணி இருக்கும். மனையில், இடிக்கப்போகிற பழைய ஓட்டு வீடு இன்னும் நின்றது. முற்றம் முழுவதும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சபிதாவுக்குக் குழப்பமாகிவிட்டது. ஜூன் மாதத்தில் சூரியன் வடக்கே இருக்கும் என்பது தெரியும். இருந்தும் இவ்வளவு வெயிலைக் கண்ணால் பார்த்த பிறகு, கம்ப்யூட்டர் சொன்ன இருட்டை நம்ப முடியவில்லை.

ரெஜினின் அம்மா ஞானசெல்வி முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயதுக்குமேல் இருக்கும், முட்டுவலியால் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். வீடியோ எடுக்கிற பிள்ளை என்று அறிமுகப்படுத்திக்கொண்டதும் கேமரா எங்கே என்று கேட்டாள். விளக்கம் சொல்வது கஷ்டமாக இருந்ததால் சபிதா நேராகவே கேட்டாள்.

"கிறிஸ்துமஸ் சமயத்துலயும் இஞ்ச இதே மாதிரி வெயில் வருமா அம்மா?"

"எங்க வருகு? ஐப்பசி பொறந்தாச்சுன்னா பெறவு மாசி வர இந்தப் பக்கம் நிழலுதான் மக்கா. மண்டபம் கெட்டினதுக்குப் பெறவு இப்படித்தான். துணி காயாது, கொடிய அவுத்து அங்க வடக்க கொண்டு கெட்டுவேன்."

வடக்குச் சுவரில் கொடி கட்டுகிற இரண்டு கொக்கிகளைக் காட்டினாள். சபிதா போனில் படம் எடுத்துக்கொண்டாள். புது வீட்டில் உங்கள் அறை எந்தப் பக்கம் என்று தெரியுமா என்று கேட்டாள். அதெல்லாம் மகனுக்கும் இன்ஜினியருக்கும்தான் தெரியும், மாடி ஏற முடியாது என்பதால் கீழே ஒரு அறை கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான் என்றாள் ஞானசெல்வி. சாயா குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். சபிதா குடித்துவிட்டு பஸ் ஏறினாள்.

சாயங்காலம் பிபினிடம் போனில் பேசினாள். அவன் அமைதியாகக் கேட்டான். அக்கா வழக்கம்போல உள்ளே ஒரு விளக்கை வைத்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும் என்றான். வரைபடத்துக்கு அனுமதி வாங்கியாகிவிட்டது, இனி மாற்றினால் திரும்ப முதலிலிருந்து அலைய வேண்டும் என்றான். மனையைச் சரியாகப் பார்க்காமல் பழைய வரைபடத்தைக் கொடுத்தது பற்றி அவள் கேட்கவில்லை, அவனும் பேசவில்லை.

"பகல்ல லைட்டு போடாத வீடு இப்ப எது இருக்குக்கா? சரி, ரூமைத் தூக்கி வடக்க போடுகோம்னே வையுங்க. நாளைக்கு அந்த வயல்லயும் ஒருத்தன் மூணு மாடி கெட்டினா என்ன செய்வீங்க?"

 யோசித்துச் சொல்கிறேன் என்று சபிதா போனை வைத்துவிட்டாள்.

வினோஜிடம் சொன்னபோது, அது நம்ம வீடு இல்லை என்றான் முதலில். பிபின் வேலை நின்றால் என்ன ஆகும் என்பது இருவருக்குமே தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, தான் வயரிங் செய்த சில வீடுகளைப் பற்றிச் சொன்னான். பத்து மணிக்கே எல்லா அறையிலும் டியூப்லைட் எரியும், வீட்டுக்காரர்கள் வெளியே வந்து போர்ட்டிகோவில்தான் உட்கார்ந்திருப்பார்கள், கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள் என்றான். செய் என்றோ செய்யாதே என்றோ சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை சபிதா எதுவும் செய்யவில்லை. கார்டுகள் மட்டும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தன. இத்தனை வருஷமாகத் தான் வைத்த விளக்குகளை எண்ணிப் பார்த்தாளா என்று பிறகு ஒருமுறை தெரிந்தவர் ஒருவர் கேட்டபோது, அப்படியெல்லாம் இல்லை என்றாள். ரெஜின் கேட்டது டிசம்பர் இருபத்தைந்தின் வெயில், அது அவளிடம் தயாராக இருந்தது. அதில் கை வைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான் என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டைக் கம்ப்யூட்டரில் வடக்குத் தெற்காகத் திருப்பிப் போட்டாள். படிக்கட்டு தெற்கே போனது, ஹாலும் அம்மா அறையும் வடக்கே வந்தன. ஜன்னல்களைக் கொஞ்சம் நகர்த்தினாள். சனிக்கிழமை முதல் வீடியோ முடிந்ததும் இரண்டாவதை, முப்பது விநாடிக்கு மட்டும் ஓட விட்டாள். இரண்டு நாளில் முடிந்தது. அதில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் அம்மா அறையில் கட்டில் விரிப்பின் பூக்கள் தெரிந்தன. இரண்டையும் பிபினுக்கு அனுப்பினாள். ரெஜினுக்கு நேராக அனுப்புவது முறையாகப் படவில்லை. விளக்கு வைக்கவில்லை, வேண்டுமானால் வேறு யாரையாவது வைத்துச் செய்துகொள்ளுங்கள் என்று கீழே எழுதினாள்.

பிபினிடமிருந்து நான்கு நாள் ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து போன் வந்தது. ரெஜின்தான். முதல் வீடியோவை மட்டும் பிபின் அவருக்கு அனுப்பியிருந்தான். வேறு ஆள் தேட நேரமில்லாமல் அனுப்பினானோ என்னவோ, தெரியவில்லை. ஏன் இவ்வளவு இருட்டு என்று ரெஜின் கேட்டதற்கு, வீடியோ செய்கிற அக்கா புதிதாக ஏதோ பழைய பாகம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், மெஷின் கோளாறு என்று சொல்லியிருக்கிறான்.

"மெஷின்ல ஏதும் கம்ப்ளைன்ட் உண்டா மேடம்? சரி பண்ணி இன்னொருக்கா தர முடியுமா?" என்று ரெஜின் மரியாதையாகக் கேட்டார்.

சபிதாவுக்குக் கோபம் வந்தது. குரலில் அதைக் காட்டவில்லை.

"மெஷினுக்கு ஒரு கேடும் இல்ல. ரெண்டு கார்டும் தனித்தனியா ஒரே கணக்கத்தான் சொல்லுகு. அங்க வெளிச்சம் அவ்வளவுதான் உண்டு. என்னைய நம்பாண்டாம், உங்க அம்மையிட்ட கேளுங்க, கிறிஸ்துமஸுக்கு எந்தப் பக்கம் துணி காயப்போடுவாவன்னு."

 கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார் ரெஜின். கூப்பிடவில்லை. அன்றே பிபினைக் கூப்பிட்டிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று சபிதாவுக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து பிபின் இரண்டே வார்த்தையில் செய்தி அனுப்பினான்: இரண்டாவது பைல். திருத்திய வரைபடத்தின் அளவுகளோடு கோப்பை அனுப்பினாள். அதற்கான கூலியை மறுநாளே போட்டுவிட்டான். அதன்பிறகு அவனிடமிருந்து வேலை வருவது நின்றது.

திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வர மூன்று மாதமானது. பிறகு மழை, பிறகு ஆள் கிடைக்கவில்லை. சொன்னபடி அடுத்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ரெஜின் வந்தபோது வீடு பூச்சு வேலையில் நின்றது. ஞானசெல்வி பக்கத்துத் தெருவில் வாடகை வீட்டில் இருந்தாள், பண்டிகையை அங்கேதான் கொண்டாடினார்கள். லீவு முடிந்து அவர் திரும்பிப் போனபின், பிப்ரவரியில்தான் வீடு முடிந்தது. வீடு அர்ச்சிக்கும் ஜெபத்துக்கு ஞானசெல்வி போன் செய்து கூப்பிட்டாள். சபிதா வினோஜோடு போனாள். அம்மா அறையில் சபிதா வீடியோவில் போட்ட வெளிர்நீலச் சாயத்துக்குப் பதில் ரோஸ் அடித்திருந்தார்கள். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது, சுவிட்சுகள் எல்லாம் அணைந்திருந்தன. வினோஜ் போர்டுகளைத் திறந்து வயரிங்கைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். ஞானசெல்வி கட்டிலில் உட்கார்ந்து, மகன் வீடியோ காலில் கேட்டதற்கெல்லாம் போனை நாலா பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். பிபினும் வந்திருந்தான். சாப்பிட்டாச்சா அக்கா என்று கேட்டுவிட்டு நகர்ந்து போனான்.

பிபின் வேலை இல்லாத அந்த மாதங்கள் சிரமமாகத்தான் போயின. டைல்ஸ் கடை ஒன்றுக்குக் குளியலறைப் படங்கள் செய்தாள். இரண்டாவது கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். வைகுண்டராஜன் சொன்ன ஒரு மாதம் எப்போதோ கடந்திருந்தது.

இப்போது தாணுமாலயன் என்றொரு இன்ஜினியர் அவளுக்கு வேலை தருகிறார். சுசீந்திரத்துக்காரர், பேச்சில் எல்லாவற்றுக்கும் சந்தேகம் எழுப்புகிறவர். ரெஜின் வீட்டு விஷயம் அவர் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. வரைபடம் போடுவதற்கு முன்பே அவளை மனைக்குக் கூப்பிடுகிறார். போன வாரம் தேரூர் பக்கம் ஒரு மனையில் இருவரும் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேற்கே நிற்கிற தென்னை இன்னும் எவ்வளவு உயரம் வளரும் என்று அவர் கேட்டார். இவள் முப்பதடி என்றாள். அவர் நாற்பது என்றார். மனைக்காரரைக் கூப்பிட்டு, அது என்ன ரகத் தென்னை என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.